எந்தப் பத்திரம்?

விடிகாலை ஐந்தரை மணிக்குக் கம்பத்தில் நின்றால் ஒரு சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை அள்ளிக்கொண்டு மலையேறக் காத்திருக்கும் ஜீப்புகள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குச் சட்டத்தில் ஒரு கணக்கு, டிரைவரிடம் வேறு கணக்கு. தூக்குவாளியோடு பின்பக்கம் தொற்றிக்கொள்ளும் மகளிடம், வழியனுப்ப வந்த கிழவி சொல்லுவாள்: ‘‘பத்திரமாப் போயிட்டு வாத்தா!’’

அதே ஊரில் பதினோரு மணி வாக்கில் பத்திர ஆபீஸ் பக்கம் போனாலும் அதே சொல்தான். ‘‘அண்ணே, பத்திரம் ரெடியாயிடுச்சா?’’ கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், விடுதலைப் பத்திரம், தானப் பத்திரம்... வெறும் முத்திரைத்தாளுக்கும் அதே பெயர்தான்.

கிழவி சொன்ன பத்திரமும் பத்திர ஆபீஸ் பத்திரமும் ஒன்றா? எழுத்தில் ஒன்று. பிறப்பில் வேறு வேறு. இரண்டுமே வடமொழியிலிருந்து வந்தவை. முதலாவது, ‘ப’வை அடிவயிற்றிலிருந்து ஊதிச் சொல்ல வேண்டிய ‘பத்ரம்’. மங்கலம், நலம் என்று அர்த்தம். பத்ரகாளியும் வீரபத்திரரும் அந்தக் குடும்பம். இரண்டாவது, சாதாரணப் ‘ப’ போட்ட ‘பத்ரம்’. அதற்கு அர்த்தம் இலை. சிவனுக்குப் போகும் வில்வ பத்திரம் இந்தப் பத்திரம். பனை ஓலையில் எழுதின காலத்திலிருந்து, எழுதினதெல்லாம் பத்திரம் ஆயிற்று. கல்யாணப் பத்திரிகையிலிருந்து நீங்கள் படிக்கும் வாரப் பத்திரிகை வரைக்கும் அந்த இலையின் பேரப்பிள்ளைகள். தமிழில் ஒரே ஒரு ‘ப’தான் என்பதால் இரண்டு சொற்களும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகின்றன.

மலையேறிக் குமுளியைத் தாண்டிவிட்டால் இந்தக் குழப்பம் கிடையாது. மலையாளத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. அங்கே சாதாரணப் ‘ப’ போட்ட பத்ரம் என்றால் செய்தித்தாள். ஊதிச் சொல்லும் பத்ரம் பாதுகாப்பு. நிலத்துக்கு எழுதும் பத்திரத்துக்கு ‘ஆதாரம்’ என்று பெயர். குத்தகை, ‘பாட்டம்’.

இதென்ன தமிழ் வகுப்பா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த இரண்டு பத்திரமும் சேர்ந்துதான் கம்பம் பள்ளத்தாக்கின் தலையெழுத்தை எழுதியிருக்கின்றன. ஒன்று, 1886-ல் கையெழுத்தான பத்திரம். இன்னொன்று, ‘அணை பத்திரமா இருக்கா?’ என்கிற பத்திரம். முல்லைப்பெரியாறு விவகாரம் முழுக்க இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். ஆனால், இரண்டாவது பத்திரத்துக்கு உள்ளேயே நாலைந்து அர்த்தங்கள் ஒளிந்திருக்கின்றன. அதைப் பிரித்துக் காட்ட எனக்குக் கிடைத்த நல்ல கத்தி, ஒரு ஸ்பானிஷ் சொல்.

‘செகூரோ’. ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிறவர்களை முதல் மாதத்திலேயே குப்புறத் தள்ளிவிடும் பெயரடை இது. பாலம் செகூரோ என்றால் இடிந்து விழாத பாலம். ஆள் செகூரோ என்றால் நம்பகமானவர். ‘எனக்கு நல்லாத் தெரியும், சந்தேகமே இல்லை’ என்பதற்கும் செகூரோதான். வேடிக்கை என்னவென்றால், ‘செகூரோ, அவன் மறந்திருப்பான்’ என்று சொன்னால் அங்கே நிச்சயம் கிடையாது, வெறும் ஊகம்! நாமும் ‘நிச்சயமா அவன் வரமாட்டான் பாரு’ என்று சொல்வதில்லையா, அதே கதை. இதோடு நின்றால் பரவாயில்லை. பெயர்ச்சொல்லாக வந்தால் செகூரோ என்பது இன்ஷூரன்ஸ். துப்பாக்கி தானாக வெடிக்காமல் தடுக்கும் பூட்டும் செகூரோ. மெக்சிகோவில் புடவைக்குக் குத்துகிற ஊக்குகூட செகூரோதான்.

இத்தனை அர்த்தத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுகிறார்கள்? பக்கத்தில் வரும் வினைச்சொல்லை வைத்துத்தான். ஸ்பானிஷில் ‘இருக்கிறது’ என்பதற்கு இரண்டு வினைகள். ‘எஸ்’ என்று வருவது இயல்பைச் சொல்லும். ‘எஸ்டா’ என்று வருவது இப்போதைய நிலையைச் சொல்லும். நம்ம ஊரில் ‘நல்லவன்’ என்பதற்கும் ‘நல்லா இருக்கான்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. நல்லவனாக இருந்து நல்லா இல்லாமல் போனவர்கள் எத்தனை பேர்! அணை என்பது ஸ்பானிஷில் பெண்பால், அதனால் செகூரா என்று வரும். ‘அணை எஸ் செகூரா’ என்றால் அணை உறுதியானது. ‘அந்த அம்மா எஸ்டா செகூரா’ என்றால், அந்த அம்மாவுக்கு ஐயமில்லை. அல்லது, ஆபத்தில்லாத இடத்தில் இருக்கிறார் என்றும் கொள்ளலாம்.

சொல்லின் வேரைத் தோண்டினால் இன்னும் சுவாரஸ்யம். லத்தீனில் ‘ஸே’ என்றால் இல்லாமல், ‘கூரா’ என்றால் கவலை. ‘கவலையற்ற’ என்பதுதான் மூல அர்த்தம். அதாவது, இந்தச் சொல் பிறந்தபோது கல்லையும் சுண்ணாம்பையும் பற்றிப் பேசவில்லை. மனசைப் பற்றிப் பேசியது. நாம் நாளைக்கு நாலு தடவை கேட்கும் ‘ஷ்யூரா?’வும், அபார்ட்மென்ட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ‘செக்யூரிட்டி’யும் அதே லத்தீன் பாட்டியின் வாரிசுகள்தான். ஒருத்தர் மனசில் உட்கார்ந்திருக்கிறார், ஒருத்தர் வாசலில்.

இந்தக் கத்தியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மலைக்குப் போவோம்.

கம்பம் பள்ளத்தாக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கம். மேகம் கேரளத்துப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வரும்போது வெறும் நிழலாகத்தான் வரும். அங்கே பெய்த மழை பெரியாறாகி, மேற்கே ஓடி, அரபிக் கடலில் விழும். இங்கே வைகையை நம்பியிருந்த மதுரையும் ராமநாதபுரமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஆற்றைக் கிழக்கே திருப்பினால் என்ன என்ற யோசனை வெள்ளைக்காரன் மூளையில் முதலில் உதித்ததல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி மலையைப் பார்க்கச் சொன்னார். ஆசை இருந்தது, காசு இல்லை. 1808-ல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற பொறியாளர் அளந்து பார்த்துவிட்டு, இது வெறும் கனவு, இனி இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்கிற மாதிரி எழுதி மூடிவிட்டார்.

மூடியதைத் திறந்தது பஞ்சம். 1876 தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கான சாவுக்குப் பிறகு, செலவைப் பற்றிய பேச்சின் தொனியே மாறியது. 1882-ல் ஜான் பென்னிகுயிக்கிடம் திட்டத்தைத் திருத்தித் தரச் சொன்னார்கள். அவர் அணைக்கு வரைபடம் போட்டார். ஆனால், அணை நிற்க வேண்டிய இடம் திருவிதாங்கூர் மகாராஜாவுடையது. எனவே, கல்லுக்கு முன்னால் காகிதம் வேண்டியிருந்தது.

1886 அக்டோபர் 29. குத்தகைப் பத்திரம் கையெழுத்தாகிறது. லண்டனிலிருந்த இந்திய அமைச்சர் சார்பாகத் திருவிதாங்கூர் ரெசிடென்ட் ஹானிங்டன். மகாராஜா சார்பாக திவான் ராமய்யங்கார். ஒரு சின்ன விஷயம் கவனியுங்கள். மலையாள ராஜ்யத்துக்காகக் கையெழுத்துப் போட்டவர், சென்னை அரசாங்க உத்தியோகத்தில் பேரெடுத்துவிட்டுத் திருவனந்தபுரம் போன தமிழர். தமிழ் மண்ணுக்குத் தண்ணீர் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர் வெள்ளைக்காரர். இரு தரப்பிலும் இன்றைக்கு மேடையில் முழங்குகிற யாருக்கும் இந்தக் காட்சி அவ்வளவாக உதவாது!

பத்திரத்தில் என்ன இருந்தது? நீர்த்தேக்கத்துக்கு 8,000 ஏக்கர். வேலைகளுக்கென்று இன்னும் 100 ஏக்கர். ஏக்கருக்கு வருஷத்துக்கு 5 ரூபாய் என்று 40,000 ரூபாய் வாடகை. காலம், 1886 ஜனவரி 1 முதல் 999 வருஷம். விரல் விட்டு எண்ணினால் 2884-ன் கடைசி நாள் வரைக்கும். அதுவும் போதாதென்று, விரும்பினால் இன்னொரு 999 வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் சட்டத்தில் 99, 999 என்று குத்தகை எழுதுவது சகஜம். கேரளத்தில் இதைக் கேட்டால் கொள்ளை என்பார்கள். கம்பத்தில் கேட்டால் உயிர் என்பார்கள். என்னைக் கேட்டால், ஒரு சமஸ்தானத்தை ஒரு சாம்ராஜ்யம் ‘கேட்டுக்கொண்டது’ என்பதே கொஞ்சம் நாசூக்கான வர்ணனைதான். அதற்காக, அந்தத் தண்ணீரில் விளைந்த சோறு பொய்யாகிவிடுமா?

அணை கட்டிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1887-ல் ஆரம்பித்து 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். நடுவில் பெரியாறு பல தடவை கட்டியதையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. மலேரியா தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. மலைமுகட்டைக் குடைந்து ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் நீளத்துக்குக் கிட்டத்தட்ட வரும் சுரங்கம். அது வழியாக மேற்கே போக வேண்டிய தண்ணீர் கிழக்கே குதித்து, வைரவனாறு வழியாக வைகைக்கு வந்தது. இன்றைக்குத் தேனி பஸ் ஸ்டாண்டுக்கு பென்னிகுயிக் பெயர். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம். அவர் பிறந்தது 1841 ஜனவரி 15-ம் தேதி, அதாவது பொங்கல் சமயம். பள்ளத்தாக்கில் பொங்கப்பானை அவருக்கும் சேர்த்துத்தான் பொங்குகிறது.

அணை நின்றுவிட்டது. பத்திரம் உட்கார்ந்திருந்ததா? அதுதான் இல்லை. தண்ணீர் எதற்கு என்ற கேள்வி முதலில் கிளம்பியது. பாசனத்துக்குக் கொடுத்த தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாமா? திருவிதாங்கூர் முடியாது என்றது. 1941-ல் வந்த நடுவர் தீர்ப்பு திருவிதாங்கூர் பக்கம். பிறகு மாநிலங்கள் பிரிந்து, அணை இருந்த பீர்மேடு தாலுகா கேரளத்தோடு போயிற்று. 1970 மே மாதம் இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து துணை ஒப்பந்தம் போட்டார்கள். ஏக்கர் வாடகை 5 ரூபாயிலிருந்து 30 ரூபாய். மின்சாரத்துக்குத் தனியாகப் பணம். மீன் பிடிக்கும் உரிமை கேரளத்துக்கு. அப்போது இங்கே முதல்வர் கருணாநிதி, அங்கே அச்சுத மேனன். ராஜா காலத்துக் காகிதத்தை மக்களாட்சி ஒருமுறை கையெழுத்துப் போட்டுப் புதுப்பித்துவிட்டது என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

அதுவரை சண்டையெல்லாம் முதல் பத்திரத்தைப் பற்றித்தான். காகிதத்தைப் பற்றி. இரண்டாவது பத்திரம் மேடைக்கு வந்த தேதியையும் சொல்லிவிடலாம். 1979 ஆகஸ்ட் 11.

அன்றைக்கு முல்லைப்பெரியாற்றில் எதுவும் நடக்கவில்லை. நடந்தது குஜராத்தில். மச்சூ நதியின் இரண்டாவது அணை உடைந்து மோர்வி நகரம் தண்ணீரில் மூழ்கியது. ஆயிரக்கணக்கில் சாவு. மோர்வி அணையின் இரு பக்கமும் மண் கரை. எதிர்பாராத வெள்ளம் கரைக்கு மேலே ஏறி அதைக் கரைத்துவிட்டது. பெரியாறு அணை வேறு ஜாதி. சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கிக் கலவை நடுவில், முன்னும் பின்னும் கருங்கல் கட்டுமானம். தன் கனத்தாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கிற அணை. ஆனால், பயத்துக்குப் பொறியியல் தெரியாது. கேரளப் பத்திரிகைகளில் கேள்வி கிளம்பியது. எண்பத்துநாலு வயசான சுண்ணாம்பு அணை மட்டும் நிற்குமா?

கேள்வியைத் தப்பென்று சொல்ல முடியாது. சுண்ணாம்பு கசிவில் கரையும் என்பது உண்மை. நீர்மட்டம் ஏற ஏற அணை மீது விழும் அழுத்தம் உயரத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதும் பள்ளிக்கூட பௌதிகம். ஆற்றுப் படுகையிலிருந்து கணக்குப் பண்ணினால், 136 அடியிலிருந்து 142 அடிக்கு ஏற்றும்போது தள்ளு விசை தோராயமாக 9 சதவீதம் கூடும். அந்த நவம்பரில் மத்திய நீர்வள ஆணையத் தலைவர் வந்து பார்த்தார். நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கி, அணையைப் பலப்படுத்துங்கள், பிறகு பார்க்கலாம் என்று முடிவானது. தமிழ்நாடு பலப்படுத்தியது. மேலே கான்கிரீட் தொப்பி போட்டு கனத்தைக் கூட்டினார்கள். அணையைத் துளைத்துக் கீழே பாறை வரைக்கும் இரும்புக் கம்பிவடம் இறக்கி, இழுத்துக் கட்டினார்கள். பின்பக்கம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். வேலை முடிந்தது. அந்தப் ‘பிறகு’ மட்டும் வரவில்லை.

இங்கேதான் நம்ம செகூரோ உள்ளே வருகிறார்.

தமிழ்நாட்டுப் பொறியாளர் ‘அணை பத்திரம்’ என்றால், அது ‘எஸ்’ ரகம். கல்லின் இயல்பு, கலவையின் பலம், கம்பியின் இழுவை. கணக்குப் போட்டுக் காட்டலாம். வண்டிப்பெரியாற்றிலும் சப்பாத்திலும் ஆற்றங்கரையில் வீடு வைத்திருப்பவர் ‘நாங்க பத்திரமா இல்லை’ என்றால், அது ‘எஸ்டா’ ரகம். ராத்திரி மழை வலுத்தால் தூக்கம் வருகிறதா இல்லையா என்பது. அதற்குக் கணக்கு கிடையாது. கணக்கைக் காட்டி ஒருத்தனைத் தூங்க வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு ஒருத்தரையொருத்தர் பொய்யன் என்கிறார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை!

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2006 பிப்ரவரி 27. 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பு. பள்ளத்தாக்கில் பட்டாசு. அடுத்த மாதமே கேரள சட்டசபை ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அதன் இணைப்பில் ‘ஆபத்துக்குள்ளான அணைகள்’ என்று ஒரு பட்டியல். முல்லைப்பெரியாறு அதில் ஏற்றப்பட்டது, உயரம் 136 அடி என்று. நீதிமன்றம் ஒரு பெயரடை சொன்னால், சட்டசபை இன்னொரு பெயரடையை எழுதி சட்டமாக்கிவிட்டது! ஒரு அணையின் குணத்தைக் கை தூக்கி ஓட்டுப் போட்டு முடிவு செய்ய முடியுமா என்று தமிழ்நாடு மறுபடியும் கோர்ட்டுக்குப் போனது.

நடுவில் வந்த 2011, இரண்டு பக்கமும் மறக்க விரும்புகிற வருஷம். இடுக்கிப் பகுதியில் சின்னச் சின்ன நில அதிர்வுகள். நவம்பரில் ‘டேம் 999’ என்று ஒரு படம். தலைப்பில் இருந்த எண்ணே போதும், தமிழ்நாட்டில் தடை. டிசம்பரில் பள்ளத்தாக்கு ஜனங்கள் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கி நடந்தார்கள். பாதை நாள் கணக்கில் மூடிக் கிடந்தது. இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் அடி வாங்கின. அந்தப் பக்கம் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பயந்துபோய்க் காட்டுவழியில் குழந்தை குட்டியோடு கீழே இறங்கினார்கள். அணையின் பத்திரத்தைப் பற்றிச் சண்டை போட்டவர்களில் யாருக்கும் இவர்களின் பத்திரம் ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. காலை ஜீப் ஏறினால்தான் சாயங்காலம் உலை என்று வாழ்கிறவர்களுக்கு, 136-க்கும் 142-க்கும் நடுவில் இருந்தது ஆறு அடி தண்ணீர் இல்லை, ஆறு வேளைச் சோறு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டங்களில் ஏராளமாகக் குடியிருப்பது தமிழர்கள்தான். ‘அவங்களுக்குத்தானே பயம்’ என்று கம்பத்தில் யாராவது சொன்னால், அந்த ‘அவங்க’ளில் அவருடைய சித்தி மகளும் இருக்கலாம்.

முன்னாள் தலைமை நீதிபதி ஆனந்த் தலைமையில் நிபுணர் குழு அமைத்து, 2012-ல் அறிக்கை வந்தது. கட்டுமானத்தில், வெள்ளத்தில், நில நடுக்கத்தில் என்று மூன்று கோணத்திலும் அணை பத்திரம் என்றது குழு. பாருங்கள், பத்திரம் என்று ஒற்றைச் சொல்லாகச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று குழுவுக்கே தெரிந்திருக்கிறது. எதற்கு எதிராகப் பத்திரம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

2014 மே 7. தலைமை நீதிபதி லோதா தலைமையில் ஐந்து நீதிபதிகள். கேரளச் சட்டம் செல்லாது. 1886 பத்திரம் இன்னமும் உயிரோடு இருக்கிறது. 142 அடி. ஆக, இரண்டு பத்திரத்திலும் தமிழ்நாட்டுக்கு வெற்றி. ஆனால், அந்தத் தீர்ப்பிலேயே எனக்குப் பிடித்த இடம் வேறு. மூன்று பேர் கொண்ட கண்காணிப்புக் குழு ஒன்றையும் நீதிமன்றம் போட்டது. எதற்கு? அணைக்கு ஆபத்து இல்லை, இருந்தாலும் கேரளத்தின் அச்சத்தைப் போக்குவதற்காக. அதாவது ‘எஸ்’ஸுக்குத் தீர்ப்பு, ‘எஸ்டா’வுக்குக் குழு! ஐந்து நீதிபதிகளும் ஸ்பானிஷ் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால், ஒரு சொல்லுக்குள் இரண்டு அர்த்தம் இருக்கிறது, ஒன்றுக்குச் சொன்ன பதில் இன்னொன்றுக்குப் போதாது என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். அதே வருஷம் நவம்பரில், முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு, தண்ணீர் 142 அடியைத் தொட்டது. அணை நின்றது. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தின்போது தற்காலிகமாக 139 அடிக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னதும் அதே உச்ச நீதிமன்றம்தான். 2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அந்தச் சட்டத்தின் அதிகாரங்களை 2022-ல் கண்காணிப்புக் குழுவின் கையில் கொடுத்ததும் அவர்கள்தான்.

அப்புறம் ஏன் இன்னும் தீரவில்லை?

கேரளத்தில் ஒரு கோஷம் உண்டு. ‘கேரளத்துக்குப் பாதுகாப்பு, தமிழ்நாட்டுக்குத் தண்ணீர்.’ புது அணை கட்டிக்கொள்வோம், உங்களுக்குத் தண்ணீரும் தருவோம் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? வெளியூர்க்காரர்கள் பலர் இதைக் கேட்டுவிட்டு, இதற்கு மேல் கம்பத்துக்காரனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது, கம்பத்து விவசாயி அந்தக் கோஷத்தில் இல்லாத சொல்லைத்தான் கேட்கிறார் என்பது. பாதுகாப்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பத்திரம் எங்கே? 1886 காகிதம் இந்த அணையை நம்பி எழுதியது. இந்த அணை போய் இன்னொரு அணை வந்தால், அதற்கு யார் குத்தகைதாரர், ஷட்டர் சாவி யார் இடுப்பில்? ‘தருவோம்’ என்பது வாக்கு. அவர் வைத்திருப்பது பத்திரம். வாக்கை வாங்கிக்கொண்டு பத்திரத்தைக் கொடுத்த எத்தனையோ பேரைப் பத்திர ஆபீஸ் வாசலில் அவர் பார்த்திருக்கிறார்.

அதனால்தான், அணை பலவீனம் என்று அந்தப் பக்கம் யாராவது சொல்லும்போது, இந்தப் பக்கம் காதில் அது கல்லைப் பற்றிய பேச்சாக விழுவதில்லை. காகிதத்தைக் கிழிக்கிற சத்தமாக விழுகிறது. பத்திரம் செல்லும் என்று இந்தப் பக்கம் சொல்லும்போது, அந்தப் பக்கம் காதில் ‘நீ செத்தால் எனக்கென்ன’ என்று விழுகிறது. ஸ்பானிஷ்காரனுக்கு இது ஆச்சரியமே இல்லை. செகூரோ என்றால் பாதுகாப்பும் அதுதான், கையில் இருக்கும் பாலிசிக் காகிதமும் அதுதான். அவன் அகராதியில் இரண்டும் ஒரு வீட்டில் பிறந்தவை. நமக்கு எங்கோ பிறந்த இரண்டு சொற்கள் தற்செயலாக ஒரே எழுத்தில் வந்து மோதியிருக்கின்றன. அந்த மோதலுக்கு நடுவில் ஒரு அணை.

பள்ளத்தாக்கின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இருபோகம் நெல் விளைகிற நிலம் மட்டும் 14,707 ஏக்கர். கூடலூரிலிருந்து கீழே வீரபாண்டி, பழனிசெட்டிபட்டி வரைக்கும். வழக்கமாக ஜூன் முதல் தேதி தேக்கடியில் ஷட்டரைத் திறந்து பூத்தூவுவார்கள். அதற்கப்பால் மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் வரை அந்தத் தண்ணீருக்குக் கணக்கு இருக்கிறது. 104 அடிக்குக் கீழே போய்விட்டால் சுரங்கத்துக்குத் தண்ணீர் ஏறாது. ஆக, பள்ளத்தாக்குக்கு அணை என்பது 155 அடிச் சுவர் இல்லை. 104-க்கு மேலே இருப்பது எவ்வளவோ அவ்வளவுதான் அணை.

‘பத்திரம்’ என்று வெறும் ஒற்றைச் சொல்லாகச் சொல்லும்போது, நாம் சொல்வது ‘ஆபத்தில்லை’ என்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? படியில் தண்ணி கிடக்கு, பத்திரம். நாய் இருக்கு, பத்திரம். ஆபத்து இருக்கிற இடத்தில்தான் அந்தச் சொல்லே வாயில் வருகிறது. ஸ்பானிஷின் செகூரோவுக்கு எத்தனையோ அர்த்தம் இருந்தும் இந்த அர்த்தம் மட்டும் கிடையாது.

மழைக்காலத்தில் நீர்மட்டம் 136 அடியைத் தொட்டதும் கேரளத்துக்கு முதல் எச்சரிக்கை போகும். இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஆற்றங்கரை ஜனங்களை உஷார்ப்படுத்தும். டி.வி.யில் அடியில் எழுத்து ஓடும். வண்டிப்பெரியாற்றுத் தேயிலை லயன் வீடுகளில் அன்றைக்கு விளக்கு சீக்கிரம் அணையாது. மறுநாள் காலை அதே 136, நம்ம பேப்பரில் தேனிப் பக்கத்தில் வரும். கூடலூர் டீக்கடையில் ஒருத்தர் சத்தமாகப் படிப்பார். ‘‘ரெண்டாம் போகத்துக்குக் கவலையில்லப்பா’’ என்பார் இன்னொருத்தர்.